கான்கிரீட் வீட்டில் ஓடும் சுண்ணாம்பும்: கேள்வி-பதில்

கூரைத் தளத்துக்குள் மங்களூர் ஓடு வைத்து ஃபில்லர் ஸ்லாப் போட ஆசை. "பலம் இருக்காது" என்கிறார் மேஸ்திரி. உண்மையா?

தளத்தின் நடுப்பகுதியில் அடிப்பக்க இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தை ஓடு பிடித்துக்கொண்டால் எடை குறையும், பலம் குறையாது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை இது. கம்பிக் கணக்கை மட்டும் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

கெடுவது வேலையில்தான். ஓடுகளை முந்தின இரவே ஊறப்போட வேண்டும். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஓட்டைச் சுற்றிக் கலவை இறுகாமல் பொடிந்து நிற்கும். ஓடுகளுக்கு நடுவே 4 அங்குலச் சந்து விட்டால்தான் கம்பியும் ஜல்லியும் ஒழுங்காக இறங்கும். சுவரை ஒட்டியும் தண்ணீர்த் தொட்டி வரும் இடத்திலும் ஓடு வேண்டாம், முழு கான்கிரீட்டாகவே விடுங்கள். மின்விசிறிக் கொக்கி, வயர் பைப் எல்லாம் சந்துக்குள்தான். கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி பட்டால் ஓடு உடைந்துவிடும். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) பிரித்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும்.

தரையில் ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டு வண்ணத் தரைக்கல்) பதித்து இரண்டு மாதம். வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. ஆசிட் போட்டுக் கழுவலாமா?

கூடவே கூடாது. இது சுட்ட கல் அல்ல. கண்ணாடியின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட்டை ஊற்றி, பின்னால் சிமெண்ட்டும் மணலும் கொடுத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மேலே இருக்கும் வண்ணம் சில மில்லிமீட்டர்தான்; ஆசிட் அதைத் தின்றுவிடும்.

பூப்பது உப்பு. அடியில் உள்ள ஈரம் மேலேறும்போது கூடவே வருகிறது. காய்ந்த பிரஷால் தேய்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் துடைத்து வாருங்கள். ஈரம் வற்ற வற்றக் குறையும். அதுவரை எண்ணெயோ சீலரோ பூச வேண்டாம், உப்பு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்ததும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். பளபளப்பு துடைக்கத் துடைக்கத்தான் வரும்.

கான்கிரீட் தூணில் பூசிய சுண்ணாம்புப் பூச்சு பாளமாகப் பெயர்கிறது. சுண்ணாம்பில் சேர்த்த கடுக்காய் போதவில்லையோ?

கடுக்காய்மேல் பழி போடாதீர்கள். தூண் வார்த்த பலகையில் தடவிய எண்ணெய் தூணில் ஒட்டியிருக்கும். பரப்பும் வழவழவென்று இருக்கும். சுண்ணாம்பு எதைப் பிடித்து நிற்கும்? பெயர்ந்ததை எடுத்துவிட்டு, எண்ணெயைக் கழுவி, உளியால் நெருக்கமாகக் கொத்திவிட்டு, நன்றாக நனைத்தபின் பூசுங்கள். செங்கல் சுவரும் தூணும் சேரும் இடத்தில் கோழிவலை அடியுங்கள். ஒரே நாளில் தடிமனாக அப்பாமல், அரை அங்குலத்துக்கு மிகாமல் ஒவ்வொரு பூச்சாக ஏற்றுங்கள். பத்து நாளாவது வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கட்டும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். சுண்ணாம்பு வெள்ளையே போதும்.

மொட்டைமாடிச் சூடு இரவிலும் இறங்குகிறது. செலவு குறைவாக ஏதாவது?

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இரண்டரைக்கு ஒன்று கலந்து, 3 அங்குலம் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதியுங்கள். வாட்டம் மழைநீர்க் குழாயைப் பார்த்து இருக்கட்டும்.