கோயில் யானையைப் பற்றி ஆவணப்படம் எடுக்க விரும்புகிறேன், எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் ஊர்க் கோயில் யானை நாளெல்லாம் சங்கிலியில் ஆடிக்கொண்டே நிற்கிறது, கையில் ஒரு கேமரா இருக்கிறது, படமாக்கினால் ஏதாவது மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம். ஆனால் இந்த வகைப் படங்கள் பலவும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: அங்குசம் ஓங்கிய பாகனின் கை. அந்த ஷாட் கிடைத்ததும் படம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். பாகனுக்கு வேலை போகும், சிமெண்டுத் தரை அப்படியே இருக்கும். புதிதாக வருகிற பாகனோடு பழகும்வரை யானைக்குக் கெடுபிடி கூடும். பாகன்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அடித்தால் அதையும் காட்டுங்கள், மறைக்கச் சொல்லவில்லை. தரையைச் சிமெண்டாகப் போட்டவர், நடைப்பயிற்சியை நிறுத்தியவர், இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காதவர், இவர்களும் படத்தில் வர வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் பிடிக்க வேண்டியது நேரத்தையும் தரையையும். முக்காலியில் கேமராவைப் பூட்டி, நாலு காலும் சங்கிலியும் தெரியும்படி சட்டகம் வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் வெட்டாமல் ஓட விடுங்கள். விடியற்காலை, கவளம் கொடுப்பதற்கு முன், கொடுத்த பின், நடை சாத்திய பிறகு என்று வெவ்வேறு நேரங்களில் அதே சட்டகத்தை எடுங்கள். தீனி வரும் நேரம் நெருங்கினால் ஆட்டம் இயல்பாகவே கூடும். அந்த ஒரு துண்டை மட்டும் காட்டினால் விவரம் தெரிந்த கால்நடை மருத்துவர் படத்தையே தள்ளிவிடுவார். இன்னொன்று, பழகிப்போன ஆட்டம் நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகும் பல யானைகளிடம் நிற்பதில்லை. ஆகவே ஆட்டம் மட்டும் இன்றைய கொடுமைக்குச் சாட்சி ஆகாது. எடிட்டிங்கில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, வேகத்தைக் குறைத்துச் சோக இசை போடுவது இரண்டும் வேண்டாம்.

ஆட்டத்தைவிடப் பாதம் தெளிவாகப் பேசும். ஆசிய யானைக்குப் பொதுவாக முன்காலில் ஐந்து நகம், பின்காலில் நாலு. குளிப்பாட்டும்போது படுக்க வைப்பார்கள், அப்போது உள்ளங்கால் தெரியும். நக வெடிப்பு, நகத்தோரம் சீழ், மூத்திர ஈரத்தில் ஊறிய தோல் எல்லாம் சில நொடிகளில் பதிவாகிவிடும். அதை யானை பார்த்துப் பழகிய மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்வதையே படத்தில் வையுங்கள்.

ஒலியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆசிய யானையின் உறுமலில் அடிநாதம் சுமார் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை இருக்கும், நம் காதுக்குப் பெரும்பகுதி எட்டாது. ரெக்கார்டரில் லோ-கட் (தாழ்ந்த ஒலியை வெட்டும் வசதி) 80 ஹெர்ட்ஸில் போட்டிருந்தால் மேலே கேட்கக்கூடிய மிச்சமும் மெலிந்துவிடும். அதை அணைத்துவிட்டு, மைக்குக்கு நல்ல ரோம உறை போட்டுக் காற்றைச் சமாளியுங்கள். நீளமான பூம் கம்பை யானைக்கு மேலே தூக்காதீர்கள், அதன் கண்ணுக்கு ஓங்கிய தடியாகத் தெரியலாம். மண்டப வெளிச்சத்தில் படம் மினுமினுத்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்து, நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். ஃபிளாஷ் கூடாது. டிரோன் வேண்டவே வேண்டாம், அந்த ரீங்காரத்துக்கு யானை மிரளும்.

எவ்வளவு தள்ளி நிற்பது? சங்கிலியின் முழு நீளம், அதோடு யானையின் உடல், அதோடு நீட்டிய துதிக்கை. அந்த வட்டத்துக்கு வெளியே நின்று 70-200 மி.மீ. ஜூம் லென்ஸில் எடுங்கள். 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. அதுவும் வருடக்கணக்காக ஜனங்களை ஆசீர்வதித்த யானைதான். இருமல், காய்ச்சல் உள்ளவரைக் குழுவில் சேர்க்காதீர்கள், மனிதரின் காசநோய் யானைக்குத் தொற்றும். ஒரு ஷாட்டுக்காகப் பாகனிடம் நூறு ரூபாய் கொடுத்துத் துதிக்கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் எதிர்க்கிற வேலையை நீங்களே வாங்குவதாகிவிடும்.

அனுமதியைக் கோயில் செயல் அலுவலரிடமும் இந்து சமய அறநிலையத் துறையிடமும் எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தில் 'யானைக் கொட்டகை' என்றும் நேரத்தையும் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் காவலாளி கோபுரத்தோடு நிறுத்திவிடுவார். தெப்பக்காடு போன்ற வனத்துறை முகாம் என்றால் விண்ணப்பம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. யானையின் உரிமைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை அறிக்கைகள், தீவன ரசீதுகள் மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் துறை அலுவலகத்துக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். பதில் தர முப்பது நாள் கெடு. தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளுக்கென்றே 2011-இல் விதிகள் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் போனால் அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தானாக வரும்.

மூலக் கோப்புகளைப் பெயர்கூட மாற்றாமல் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, அன்றன்றே SHA256 ஹாஷ் எடுத்துக் குறித்துவையுங்கள். அது கோப்புக்குக் கைரேகை மாதிரியான ஓர் எண், கோப்பில் சிறிது மாறினாலும் அதுவும் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். வழக்கு என்று வந்தால் உங்கள் படத்தைவிட அந்த மூலக் கோப்புதான் உதவும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படம் வெளிவந்த வாரமே ஏதாவது ஒரு சேனலிலிருந்து போன் வரும்: "பேர் போடுறோம் சார், ஃபுட்டேஜ் மட்டும் அனுப்புங்க." கேமரா வாடகை, பெட்ரோல், எடிட்டர் சம்பளம் எதையும் பேர் போட்டு அடைக்க முடியாது. நிமிடத்துக்கு இவ்வளவு, ஒருமுறை ஒளிபரப்ப மட்டும், பின்னணிப் பாட்டு சேர்க்கக் கூடாது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்காமல் ஒரு நொடிக் காட்சிகூடக் கொடுக்காதீர்கள்.