சாவிக்கொத்தை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயது. தங்கச்சிமடத்தில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் நெத்திலி காயப்போட்டு ஆரம்பித்தது, இப்போது வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து சென்னை, கோவை, பெங்களூரு வரை கூரியர் போகிறது. மூன்று பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வியாபாரம் நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் நன்றாக இல்லை. விடியுமுன் கரைக்குப் போய் மீன் எடுப்பது, கழுவி உப்புப் போடுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, பேக்கிங், நடுநடுவே போன், ராத்திரி கணக்கு. படுத்தால் தூக்கம் வருவதில்லை, யாருக்கு என்ன அனுப்பவில்லை என்பதே தலைக்குள் ஓடுகிறது. போன வாரம் ஒருவர் மூன்றாவது தடவையாக "பார்சல் எங்கே?" என்று கேட்டதும் போனை வைத்துவிட்டு அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் மூடிவிடலாமா?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மூடுவதைப் பற்றி இன்றைக்கு முடிவு எடுக்காதீர்கள் தங்கச்சி. தூக்கம் கெட்டவள் கொடுக்கும் விலையை நம்பி மீன் வாங்குவீர்களா? அதே கணக்குதான் இதற்கும்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். இராமேஸ்வரத்தில் சின்ன லாட்ஜ் ஒன்றை நான் பல வருஷம் நடத்தினேன். எல்லா அறைச் சாவியும் என் இடுப்பில்தான் இருக்கும். யாரை நம்புவது என்பது ஒரு பக்கம், நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிற பெருமை இன்னொரு பக்கம், இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஒரு தை அமாவாசை. முந்தின இரண்டு ராத்திரியும் தூங்கவில்லை. மதியம் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், சாவிக்கொத்தும் என்னோடேயே போய்விட்டது! கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு திரும்பி வந்த ஜனம் வராந்தாவில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது, மாற்றுத்துணியெல்லாம் பூட்டின அறைக்குள். திரும்பி வந்து நான் செய்த முதல் வேலை, சுவரில் ஆணி அடித்துச் சாவிப்பலகை மாட்டினது.

உங்கள் சாவிக்கொத்து உங்கள் தலைக்குள் இருக்கிறது. யாருக்கு எத்தனை கிலோ, எது காய்ந்தது, யார் பாக்கி, எந்த கூரியர் எந்த ஊருக்கு ஒழுங்காகப் போகும், எல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று பெண்கள் இருந்தும் ஒவ்வொன்றுக்கும் "அக்கா, இதை என்ன செய்ய?" என்றுதானே வருகிறார்கள்? கை வேலைக்கு ஆள் வைத்துவிட்டீர்கள், முடிவெடுக்கிற வேலை மொத்தமும் உங்களிடமே நிற்கிறது. ஆளைக் களைத்துப்போகச் செய்வது அதுதான்.

முதலில் ராத்திரியைச் சரி செய்வோம். படுக்குமுன் ஐந்து நிமிஷம், ஒரு நாற்பது பக்க நோட்டில், நாளைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் எழுதிவிடுங்கள். அழகாக வேண்டாம், "திருப்பூர் 2 கிலோ சூடை, பெரியவனுக்கு பீஸ், உப்பு தீரப்போகுது" என்று கிறுக்கினால் போதும். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தார் இதையே 57 இளவயதுக்காரர்களிடம் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். மறுநாள் வேலையை எழுதிவிட்டுப் படுத்தவர்கள், அன்றைக்கு முடித்த வேலையை எழுதினவர்களைவிடச் சராசரியாக 9 நிமிஷம் முன்னால் தூங்கிவிட்டார்களாம். ஒன்பது நிமிஷம்தானா என்று கேட்பீர்கள். விடியுமுன் எழுகிறவளுக்கு அதுவும் லாபம்தான். தவிர, விவரமாக எழுதினவர்களுக்குத்தான் சீக்கிரம் தூக்கம் வந்திருக்கிறது.

அப்புறம் அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், எது உங்களால் மட்டும்தான் முடியும்? என் கணக்குப்படி இரண்டுதான்: கரையில் மீனைப் பார்த்து எடுப்பது, விலை வைப்பது. காய்ந்த பதம் பார்ப்பது உங்கள் கைப்பக்குவம் என்பீர்கள், சரி, ஆனால் உங்களிடம் வேலை பார்க்கிற பெண்களில் ஒருத்தியாவது உங்களைவிட நன்றாகப் பதம் பார்ப்பாள், கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள்தானே. போனையும் பார்சலையும் ஒருத்தியிடம் மொத்தமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு தொகையும் சொல்லிக் கொடுங்கள், இது முக்கியம்: "500 ரூபாய் வரைக்கும் கஸ்டமருக்குத் திருப்பிக் கொடுக்கவோ வேறு பொட்டலம் அனுப்பவோ உன் முடிவு, என்னைக் கேட்க வேண்டாம்." மாசத்தில் இரண்டு தடவை தப்பாகக் கொடுத்துவிடுவாள். கொடுக்கட்டும், அந்த ஆயிரம் உங்கள் தூக்கத்துக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் பதில் போகிற வசதி இருக்கிறது. "ஆர்டர் வந்தது, காலை 10-லிருந்து 12-க்குள் பதில் வரும், பார்சல் எண் அனுப்பிய அன்று மாலை வரும்" என்று ஒரு தடவை எழுதிப் போட்டுவிடுங்கள். மூன்று தடவை கேட்டாரே அந்த மனுஷர், அவருக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, பார்சல் எண் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் வீட்டுக்காரர். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது! ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும், அவரும் வலை பின்னுகிற நாள் போக மீதி நாள் வீட்டில் இருப்பார். பச்சை மீன் குறைந்து கருவாடு ஓடுகிற காலமும் அதேதானே? அவருக்கு ஓய்வு, உங்களுக்கு உச்சம். அவர் டீ குடித்துக்கொண்டு செல்போன் பார்ப்பதையும் நீங்கள் பக்கத்தில் டேப் ஒட்டுவதையும் இங்கிருந்தே என்னால் பார்க்க முடிகிறது. இந்தத் தடைக்காலத்தில் கூரியர் ஆபீஸுக்குப் போய்வருவதும் பாக்கி வசூலும் அவர் வேலை என்று இப்போதே, கடலுக்குப் போகாத ஒரு நாளாகப் பார்த்து, சொல்லிவிடுங்கள். உதவி என்று கேட்காதீர்கள், பங்கு என்று சொல்லுங்கள், படகுக்காரருக்கு அந்த வார்த்தை நன்றாகப் புரியும்.

உங்களுக்கு ஓய்வு எப்போது? ஐப்பசி, கார்த்திகை மழையில். எப்படியும் காயப்போட முடியாது. அந்த நாட்களில் புது ஆர்டருக்கு ஆசைப்பட்டு, ஈரம் போகாத சரக்கைக் கட்டி அனுப்பிப் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்து, அதற்கு வேறு சண்டை போடாமல், இருக்கிற ஸ்டாக் தீர்ந்ததும் பத்து நாள் லீவு என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நெஞ்சு படபடப்பு, எந்நேரமும் அசதி என்றால் ரத்தம், தைராய்டு, பிரஷர் பார்த்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார்கள். அழுகை அடிக்கடி வந்தால், இருந்து என்ன பயன் என்கிற மாதிரி நினைப்பு ஒரு தடவை வந்தாலும்கூட, 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: தொண்டியில் நண்டு, இறால் ஏஜென்ட் நான். டென்ஷனுக்கு என்ன வழி என்று கேட்டால் எல்லாரும் காலை 4 மணிக்கு எழுந்து யோகா செய் என்கிறார்கள். செய்யலாமா அக்கா?
— வாசகர், தொண்டி

பதில்: தம்பி, 4 மணிக்கு நீங்கள் ஏற்கெனவே கரையில் ஐஸோடு நிற்பீர்களே! யோகா நல்லதுதான், ஆனால் உங்களுக்கு முதலில் மதியத் தூக்கம். சரக்கு ஏற்றிவிட்ட பிறகு ஒரு மணி நேரம், போன் அடுத்த அறையில். கம்பெனிக்காரர் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார் என்றால், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று அவருக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: கீழக்கரையில் துணிக்கடை. இந்த ஒன்றையே சமாளிக்க முடியவில்லை, இராமநாதபுரத்தில் இரண்டாவது கடை திறந்தால் ஆள் போட்டு நிம்மதியாக இருக்கலாம் என்கிறார் மச்சான்.
— வாசகர், கீழக்கரை

பதில்: முதல் கடையை ஒரு மாசம் மச்சானிடம் விட்டுவிட்டு நீங்கள் வீட்டில் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். அது சரி, அங்கே கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா இல்லையா, அதை எழுதவே இல்லையே?