வாசகர் கேள்வி – பதில்: வாசலில் நிற்கும் புங்கமரம்

கேள்வி: மூன்றாம் மாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். ஒன்பது வயது மகளுக்குப் பருவங்களின் மாற்றத்தைக் காட்ட விரும்புகிறேன். வெயிலையும் ஐப்பசி மழையையும் விட்டால் இங்கே பருவம் என்று சொல்ல என்ன இருக்கிறது?
– வாசகி, சென்னை

பதில்: ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாகப் பகுத்த நம் முன்னோர், இதே வெயிலிலும் மழையிலும் வாழ்ந்துதான் அப்படிப் பகுத்தார்கள். அவர்கள் பார்த்ததை உங்கள் மகளும் பார்க்க ஒரே ஒரு மரம் போதும். உங்கள் தெருவில் புங்கமரம் இருந்தால் அதையே தேர்ந்துகொள்ளுங்கள். மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும் அந்த மரம், வெயில் ஏறத் தொடங்கும் வேளையில், தண்ணீர் ஊற்ற ஒருவரும் இல்லாமலே, எண்ணெய் தடவியதுபோல் மின்னும் தளிர்களை விட்டு, நமக்கு நிழல் மிகவும் தேவைப்படும் நாட்களுக்குள் அடர்ந்துவிடும்.

பூக்கும் காலத்தில், தெருவைப் பெருக்குவதற்கு முன்பாக மகளை அழைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். வெண்மணலில் உதிர்ந்து கிடக்கும் புன்கம்பூவை நெற்பொரி சிதறியதற்கு ஒப்பிட்டார் ஒரு சங்கப் புலவர். அந்த உவமை எவ்வளவு துல்லியமானது என்பது அப்போது தெரியும். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து இதழ்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது அவரைப்பூவின் அதே அமைப்பில் இருக்கும். புங்கமும் அவரையும் துவரையும் ஒரே குடும்பம் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். சில மாதங்களில் இலைகளில் பருக்கள்போலப் புடைப்புகள் தோன்றலாம். அவை மிகச் சிறிய சிலந்திப்பேன்களால் உண்டாகின்றன, அதற்காக மருந்து அடிக்க வேண்டியதில்லை.

மரத்தைச் சுற்றி நடப்பதும் கணக்கில் சேரும். புரட்டாசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து இறங்கும் வாலாட்டிக் குருவி, பின்பனியில் தொடங்கி வேனிலில் ஓயாமல் கூவும் குயில், மழையை ஒட்டி மைதானத்தின்மேல் கூட்டமாகப் பறக்கும் தட்டான் என எல்லாவற்றையும் எழுதலாம். அந்தத் தட்டான்களில் ஒரு வகை மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் தேதியிட்டு, கண்டதை மட்டும் எழுதினால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டு வேம்பு இந்த ஆண்டு வழக்கத்தைவிட முன்னதாகவே பூத்துவிட்டது. பருவநிலை மாற்றம்தான் காரணமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒரு மரத்தின் ஓர் ஆண்டுப் பூப்பை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. சென்ற மழை எப்படிப் பெய்தது, கிளைகளை எப்போது வெட்டினீர்கள், வேருக்குத் தண்ணீர் கிடைக்கிறதா என்று பல காரணங்கள் இருக்கலாம். மேலும், 'வழக்கம்' என்று நீங்கள் குறிப்பிடுவது நினைவிலிருந்து சொல்வது. நினைவு நம்மை எளிதில் ஏமாற்றும். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி பூத்த நாட்களை அரசவையினரும் துறவிகளும் நாட்குறிப்புகளில் எழுதிவைத்ததால்தான், 2021 மார்ச் 26 அன்று அங்கே பூப்பு உச்சத்தை எட்டியபோது, 1,200 ஆண்டுப் பதிவுகளிலேயே அதுதான் மிக முந்தையது என்று உறுதியாகக் கூற முடிந்தது. நம் நாட்டிலும், ஒரே மரத்தை வாரந்தோறும் கவனித்துப் பதிவுசெய்யும் 'சீசன்வாட்ச்' திட்டம் 2010 முதல் நடக்கிறது. உங்கள் வேம்பையும் அதில் சேருங்கள். வருடப்பிறப்புப் பச்சடிக்குப் பூப் பறிக்கும்போது, மரத்தில் மொட்டு மிகுதியா, பூ மிகுதியா, பிஞ்சு வந்துவிட்டதா என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

கேள்வி: பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் உண்மையிலேயே இருக்கிறதா?
– மாணவர், மதுரை

பதில்: இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல தலைமுறைகளாக இந்த வழக்கம் உண்டு. வலசை வந்து கண்மாய் மரங்களில் தங்கும் பறவைகள் கலையக் கூடாதென்று ஊரே கூடி எடுத்த முடிவு அது. எனக்குத் தெரிந்தவரை இதைவிடச் சிறந்த தீபாவளி வேறில்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் உதிரும் சருகுகளைத் தினமும் கொளுத்துகிறார்கள். மாற்று வழி உண்டா?
– வாசகி, கோவை

பதில்: உண்டு. புங்கந்தழையைச் சேற்றில் மிதித்து நடவு செய்த விவசாயிகளின் பிள்ளைகள் நாம். அந்தத் தழையைக் கொளுத்திப் புகையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிழலான மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிச் சருகைக் கொட்டுங்கள். நடுநடுவே ஒரு கூடை மண்ணும் சாணம் கரைத்த நீரும் சேர்த்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். சில மாதங்களில் கறுத்துப் பொலபொலவென்று உதிரும். கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். முதல் மழைக்குப் பிந்தைய மண்ணின் வாசம் வந்தால் சலித்து எடுத்து, அதே மரத்தின் அடியில் போடலாம்.