வானத்துக் கல்லு சும்மா விழக்குள்ள ஏன் தேடிப் போகணும்?

கேள்வி: பென்னு எண்ட சிறுகோள்ல உயிர் இருந்திருக்கெண்டு வட்ஸ்அப்ல வருது. 2012ல நம்மட பக்கத்துப் பொலன்னறுவையில விழுந்த கல்லுலயும் பாசி இருந்ததெண்டு அப்பவே சொன்னாங்கதானே. வானத்தில இருந்து கல்லு சும்மா விழக்குள்ள, கோடிக்கணக்கில டொலரக் கொட்டி ஒரு பிடி மண் எடுத்துவாறது வீண் செலவில்லையா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, முதல்ல அந்த வட்ஸ்அப் செய்திய அழிச்சிருங்க. பென்னுல உயிர் இருந்ததெண்டு அந்த மண்ண ஆராய்ஞ்சவங்க சொல்லவே இல்ல. 2025 ஜனவரியில அவங்க வெளியிட்டது இதுதான்: உயிர்கள் புரதம் கட்டுறதுக்குப் பாவிக்கிற 20 அமினோ அமிலத்தில 14 அதுக்குள்ள கிடக்கு, பரம்பரைத் தகவலச் சுமக்கிற டி.என்.ஏ, ஆர்.என்.ஏ ரெண்டுக்கும் வேணுமான, மூலங்கள் எண்டு சொல்லுற அஞ்சு கூறுகளும் கிடக்கு. அடுப்படியில மீனும் புளியும் தேங்காப்பாலும் இருந்தா கறி ஆக்கி முடிஞ்சதெண்டு ஆரும் சொல்லுவாங்களா? சாமான் இருக்கு, அவ்வளவுதான். அதுவே எவ்வளவு பெரிய விசயம், அதுக்கு மேல ஏன் பொய்யச் சேர்க்கணும்?

அந்தச் சாமான் ஒரு உயிரில இருந்து வரல்ல எண்டு எப்பிடிச் சொல்லுறாங்க தெரியுமா? அமினோ அமிலம் அனேகமா எல்லாத்துக்கும் இடது, வலது எண்டு ரெண்டு வடிவம் இருக்கு, உங்கட ரெண்டு செருப்பு மாதிரி, அச்சு ஒண்டுதான், ஆனா இடது கால்ச் செருப்பு வலது கால்ல ஏறாது. இஞ்ச பூமியில நெல்லு, வாவி மீன், நீங்க, நான் எல்லாரும் புரதம் கட்டுறது இடதுல மட்டும்தான். பென்னு மண்ணுல இடதும் வலதும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. உயிர் ஒண்டு செஞ்சிருந்தாலோ, நம்மட கைபட்டு ஊத்தையாகி இருந்தாலோ இடதுப் பக்கம் கூடி நிண்டிருக்கும்.

இனிப் பொலன்னறுவைக் கதைக்கு வருவம். 2012 மார்கழிக் கடைசியில விழுந்ததெண்டு சொன்ன கல்லுகளுக்குள்ள நுண்பாசி இருக்கெண்டு பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவரோட சேர்ந்தவங்களும் 2013ல எழுதினாங்க. உலகமே திரும்பிப் பார்த்திச்சு. மறுகா மத்த விஞ்ஞானிகள் பார்த்திட்டு, இது நம்மட நல்ல தண்ணியில வளருற பாசி, கல்லே விண்கல்லெண்டு நிரூபிக்கப்படல்ல எண்டு சொல்லிட்டாங்க. மார்கழி மாசத்து மழையும் வெள்ளமும் எப்பிடியெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அந்தத் தரையில கிடந்து எடுத்த கல்லுக்குள்ள பாசி இருந்தா அது வானத்தில இருந்து வந்ததா, வயல்ல இருந்து ஏறினதா? அந்தக் கேள்விக்கு நெஞ்சில கைவச்சுப் பதில் சொல்ல ஏலாமப் போனதுதான் அங்க நடந்த பிழை. அதுக்காக விழுந்த கல்லெல்லாம் உதவாதெண்டு நான் சொல்லல்ல, 1969ல அவுஸ்திரேலியாவில மர்ச்சிசன்ல விழுந்த கல்லுலதான் அமினோ அமிலத்த நல்லாக் கண்டாங்க, ஆனா அங்கயும் இது பூமியில ஒட்டினதா எண்டு வருசக்கணக்கா வாதாட வேண்டி வந்திச்சு.

அந்த வாதத்துக்கே இடம் வைக்கக்கூடாதெண்டுதான் போய் எடுத்தாங்க. அமெரிக்காட நாசா அனுப்பின ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2016 செப்டம்பர்ல வெளிக்கிட்டது, 2020 ஒக்டோபர் 20ஆம் திகதி, பூமிக்கு 32 கோடி கிலோமீற்றருக்கு அங்கால, பென்னுவில தன்ட இயந்திரக் கைய வச்சு, நைதரசன் வாயுவ ஊதிக் கிளப்பி, எழும்பின மண்ண அப்பிடியே அள்ளிச்சு. 2023 செப்டம்பர் 24 அமெரிக்காவில யூட்டா பாலைவனத்தில மண் அடைச்ச பெட்டி இறங்கிச்சு. மூடியில ரெண்டு பூட்டாணி இறுகிப்போய்த் திறக்க ஏலாமக் கிடந்ததுக்கும் அவங்க உடைக்கல்ல, அதுக்கெண்டே புதுச் சாவி செஞ்சு 2024 ஜனவரியிலதான் கழட்டினாங்க. கடைசியா நிறுத்துப் பார்த்தா 121.6 கிராம்.

ஏன் இவ்வளவு பொத்திப் பொத்தி? மாரிக்கு உங்கட வீட்டு உப்புப் போத்தலப் பாருங்க, மூடி ஒழுங்கா இறுக்காட்டிக் கசிஞ்சு தண்ணி விட்டுக் கிடக்கும். பென்னு மண்ணுலயும் உப்பு இருந்திச்சு, சும்மா இல்ல, உவர்த்தண்ணி வத்தி வத்தி ஒண்டுக்குப் பிறகு ஒண்டாப் படிஞ்ச உப்பு, கறி உப்பும் இருக்கு, சோடியம் காபனேற்று உப்பும் இருக்கு. ஆனையிறவு, நிலாவெளி உப்பளத்தில வேலை செஞ்சவங்களக் கேளுங்க, முதல்ல சுண்ணாம்பு, மறுகா ஜிப்சம், பிறகுதான் கறி உப்பு எண்டு படியுற ஒழுங்கச் சொல்லுவாங்க. அப்பிடி ஒரு உவர்க்குளம், 450 கோடி வருசத்துக்கு முந்தி, பென்னு உடைஞ்சு வந்த தாய்க்கல்லுக்குள்ள வத்தியிருக்கு! அந்தக் கல்லு நம்மட ஈரக்காத்துல, மழையில கிடந்திருந்தா அந்த உப்புக் கரைஞ்சிருக்கும், குளம் இருந்த அடையாளமே நமக்குக் கிடைச்சிருக்காது.

கவனமா எடுத்தாலும் பூமி சும்மா விடாது. ஜப்பான்காரர் ரியூகு சிறுகோள்ல இருந்து 2020ல 5.4 கிராம் கொண்டுவந்தாங்க, அதுல ஒரு துணுக்க ஆய்வுகூடத்தில எடுத்துப் பார்க்கக்குள்ள நூல் மாதிரி நுண்ணங்கி வளர்ந்து கிடந்திச்சு. பார்த்த குழு "உயிர் கண்டுட்டம்" எண்டு கத்தல்ல. நாள் போகப் போக அது கூடிக் குறையுறத எண்ணிப் பார்த்திட்டு, இது இஞ்ச வந்தபிறகு ஏறினதெண்டு 2024ல தாங்களே எழுதிட்டாங்க. அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குறன்.

செலவு 100 கோடி டொலருக்கு மேல, உண்மைதான், மா விலைக்கும் மருந்து விலைக்கும் அல்லாடுற ஊர்ல இருந்து கேக்கிறீங்க, அந்தக் கோவம் எனக்கு விளங்குது. ஆனா வீணெண்டு சொல்லமாட்டன். வந்த மண்ணுல 70 வீதத்தத் தொடாம ஒதுக்கி வச்சிருக்காங்க, இண்டைக்கு இல்லாத கருவி ஒண்டு நாளைக்கு வரும் எண்டு. உங்களுக்கு அந்தச் செய்திய அனுப்பினவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க தம்பி: பென்னுல உயிர் இல்ல, உயிருக்கு வேணுமான சாமானும் வத்தின உப்புத்தண்ணியும் இருந்திருக்கு.