அந்தத் தலையணையை எடுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 7 வாரம் ஆகிறது. காலை முழுதாக நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. அம்மாவைக் குறையில்லாமல்தான் பார்த்துக்கொள்கிறோம். வலிக்கக் கூடாதென்று முட்டிக்கு அடியில் எப்போதும் தலையணை வைத்திருக்கிறோம், சாப்பாடும் கட்டிலுக்கே போய்விடும். மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். புகார் கொடுக்கலாமா? இடது முட்டியை வேறு மருத்துவமனையில் மாற்றிக்கொள்ளலாமா?
– ஒரு மகன், மதுரை

பதில்: உங்கள் குறையெல்லாம் மருத்துவர்மீது. தலையணைக்கு ஒரே வரி, அதுவும் பெருமையாக. நான் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள் என்பது, இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் வழக்கமாகச் சொல்லி அனுப்பும் அறிவுரை. சற்றே மடங்கியிருந்தால் வலி குறைவு என்பதால் நோயாளி கேட்கிறார், வீட்டாரும் வைத்துவிடுகிறார்கள். ஆனால் முதல் வாரங்களில் மூட்டைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு, கால் எந்த நிலையில் கிடக்கிறதோ அதற்கேற்ப இறுகுகிறது. முழுதாக நீளாத காலோடு நின்றால் தொடைத் தசை ஓய்வின்றி உழைத்துக் களைக்கும், நடை நொண்டும், பாரம் இடது முட்டியில் ஏறும். நீங்கள் அடுத்து மாற்ற நினைப்பதும் அதே இடது முட்டியைத்தான். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தாங்கலின்றித் தானாக நேராகட்டும். வலிக்கும். அதற்காகத்தான் வலி மாத்திரை எழுதித் தருகிறார்கள். பயிற்சி தொடங்கும்போது அது வேலை செய்யும்படி நேரம் பார்த்துக் கொடுங்கள்.

குறையில்லாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் உங்கள் கடிதத்தில் பிசியோதெரபிஸ்ட் என்ற சொல்லே இல்லை. அம்மா அழுதிருப்பார், நிறுத்தியிருப்பீர்கள்; அப்படி நிறுத்திய வீடுகளிலிருந்து எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. பெற்றவள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் அடுத்த அறைக்கு எழுந்து போகும் மகனைப் பாசக்காரன் என்று நம் குடும்பங்கள் கொண்டாடுகின்றன. நான் கொண்டாட மாட்டேன். கட்டிலுக்குத் தட்டை அனுப்புவது கடமையில் எளிய பாதி (அதையும் யார் கையால் அனுப்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை). காலையும் மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டே, குதிகாலைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி எண்ணுவதுதான் கடினமான பாதி. பிசியோதெரபிஸ்டை நாளைக்கே திரும்பக் கூப்பிடுங்கள். அவர் வந்துபோன பிறகு மீதமிருக்கும் நாள் முழுவதும் மகனுடைய பொறுப்பு, மருமகளுடையது அன்று. இன்று இரவிலிருந்து அம்மா கைத்தாங்கலாகவாவது நடந்து வந்து சாப்பாட்டு மேசையில் சாப்பிடட்டும்.

மருத்துவர் தவறே செய்யவில்லை என்று நான் சான்றிதழ் தரவில்லை. முட்டி மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்டது. பொருத்திய விதத்திலோ கிருமித் தொற்றிலோ காரணம் இருந்தால், அதை எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்கக்கூடும். ஆகவே இந்த வாரமே அவரிடம் அழைத்துப் போய், கால் எத்தனை பாகை நீள்கிறது, எத்தனை மடங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். தலையணையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 90 பாகையாவது மடங்க வேண்டும். பயிற்சியால் சரியாகாவிட்டால், மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கி இறுக்கத்தை விடுவிக்கும் முறை இருக்கிறது; தழும்பு முற்றிய பின் பலன் குறையும் என்பதால் பொதுவாக முதல் மூன்று மாதத்துக்குள் அதைச் செய்கிறார்கள். உங்களுக்கு அதில் பாதிக்குமேல் போய்விட்டது. காய்ச்சல், தையலில் நீர் வடிதல், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் ஆகிய இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாள் பார்க்காமல் அன்றே போக வேண்டும்.

இடது முட்டியைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம். வலது கால் தேறி, அம்மா தானாக நடமாடத் தொடங்கிய பிறகு அவரிடமே கேளுங்கள். எந்த மருத்துவமனை என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.