மேலே இருக்கும் கருவிக்குத் தனி நம்பர்

கேள்வி: அண்ணா, போன மாதம் பழைய ரெக்கவரி வண்டி ஒன்று வாங்கினேன். சேசிஸ் இந்தியக் கம்பெனி. பின்னால் காரைத் தூக்கும் கருவி அமெரிக்காவில் செய்தது. அந்தக் கருவியில் குறை இருப்பதாகக் கம்பெனி திரும்ப அழைத்திருக்கிறது என்று ஒரு டிரைவர் சொன்னார். ஷோரூமில் சேசிஸ் நம்பரைப் பார்த்துவிட்டு, 'உங்கள் வண்டிக்கு ஒன்றும் இல்லை' என்கிறார்கள். ஏற்காட்டு வேலைக்கு எடுக்கலாமா?
- வாசகர் ஒருவர், அஸ்தம்பட்டி

பதில்: இப்போதைக்கு ஷெட்டிலேயே நிற்கட்டும், தம்பி.

ஷோரூம்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது இஞ்சினும் பிரேக்கும் உள்ள வண்டியை. மேலே இருக்கும் கருவியைச் செய்தது வேறு ஆள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையே இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. வண்டியைத் திரும்ப அழைக்கும்போது கொடுக்கும் ரீகால் எண்ணில் 'வி' (V) என்ற ஆங்கில எழுத்து வரும், கருவிக்கு 'இ' (E). 17 இலக்க சேசிஸ் நம்பரை மட்டும் தட்டிப் பார்த்தால் கருவியின் குறை கண்ணில் படாமலே போகலாம்.

கருவியில் எங்காவது சின்னத் தகடு ஒன்று அடித்திருக்கும். மாடல், சீரியல் நம்பர் அதில்தான். விற்பதற்கு முன் அதன் மேலேயும் பெயின்ட் அடித்திருப்பார்கள் (அடிக்காத வியாபாரியை நான் பார்த்ததில்லை). தின்னர் தொட்டுப் பதமாகத் துடையுங்கள். போட்டோ எடுத்து, கருவியைச் செய்த கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள். அவர்கள் கடிதம் அனுப்பியிருந்தாலும் முதல் ஓனருக்குத்தான் போயிருக்கும். மூன்றாம் கைக்கு யார் எழுதுவார்கள்?

நான் இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பல வருடம் முன்பு ஏற்காட்டிலிருந்து ஒரு காரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவில் ஏழெட்டுதான் தாண்டியிருப்பேன். கண்ணாடியில் பார்த்தால் காரின் மூக்கு மெல்லத் தாழ்கிறது. ஓஸ் வெடிக்கவில்லை, ஆயில் சொட்டவில்லை. சிலிண்டரில் ஆயிலைப் பிடித்து வைக்கும் லாக் வால்வு உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுத்திருக்கிறது. பம்பர் ரோட்டில் தேய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சேஃப்டி செயின் போட்டிருந்ததால் கார் கழன்று ஓடவில்லை. அந்தக் கருவி உள்ளூர்ப் பட்டறையில் செய்தது. திரும்ப அழைக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

அன்றிலிருந்து ஒரு பழக்கம். பாரத்தைத் தூக்கி, இஞ்சினை அணைத்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பில் அளப்பேன். டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து மறுபடி அளப்பேன். விரல் அகலம் இறங்கியிருந்தால் அன்றைக்கு மலை கிடையாது. ஆனால் இந்தச் சோதனையில் வெல்டிங் விரிசல் தெரியாது. அதனால் இது தேறிவிட்டது என்று கம்பெனிக்கு எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: நம் ஊரில் இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?
- கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். உதிரிபாகத்தில் குறை என்றாலும் அது பொருத்திய வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசு சொல்லலாம், செலவு தயாரிப்பாளருடையது. அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை. ஆனால் பட்டறையில் நாமே வெல்டிங் வைத்து ஏற்றியதற்கு இதை நம்பி உட்காராதீர்கள். வேலை முடிந்ததும் பில் கேட்டு வாங்குங்கள், என்ன தகடு, எத்தனை டன் தாங்கும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு பட்டறை பாருங்கள்.