தடுப்பூசிப் புத்தகத்தில் பழைய தேதி போடச் சொல்லாதீர்கள்

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். டெரியர் கலப்பில் பிறந்த ஏழு கிலோ நாய் ஒன்றை ஐந்து வருடமாக வளர்க்கிறோம். பெயர் ஜிம்மி. மாமனார் போன பிறகு என் மாமியாருக்கு அவன்தான் துணை. சங்கச் செயலாளருக்கு ஆரம்பத்திலிருந்தே எங்களைப் பிடிக்காது. நாயை லிஃப்ட்டில் ஏற்றக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். டெரியர்களை அரசாங்கமே தடை செய்துவிட்டது என்று 2024 சுற்றறிக்கை ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டு எங்களை அசிங்கப்படுத்தினார். பதினெட்டு நாள் முன்பு என் மகன் ஜிம்மியோடு படியிறங்கும்போது, மூன்றாம் மாடிச் சிறுவன் பந்தோடு ஓடிவந்தான். ஜிம்மி அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டான். இரண்டு பல் பதிந்து லேசாக ரத்தம் வந்தது. பயத்தில் அன்று இரவே ஜிம்மியைத் தாம்பரத்தில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். சிறுவனின் பெற்றோர் போலீசில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட்டார்கள். 3 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸும் வந்திருக்கிறது. ஜிம்மிக்கு வெறிநோய் தடுப்பூசி தவணை தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. உரிமமும் எடுக்கவில்லை. தெரிந்த கால்நடை டாக்டர் பழைய தேதி போட்டு ஊசிச் சான்று தருகிறேன் என்கிறார். செயலாளர் மீது அவதூறு வழக்குப் போடலாமா? மகன் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறான். மன உளைச்சல் தாங்கவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன். உரிமத்தில் ஜிம்மியைப் பொமரேனியன் என்று எழுதிவிடலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி செயலாளரைப் பற்றியது. அதை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் சொல்வது சரிதான். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்யவோ, லிஃப்ட்டில் ஏற்றக்கூடாது என்று சொல்லவோ முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அவர் போட்ட சுற்றறிக்கை மத்திய கால்நடைத் துறை 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு எழுதியது. கலப்பினங்களையும் சேர்த்து, டெரியர் என்ற பொதுப் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது உண்மை. ஆனால் அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. டெல்லியிலும் அது நிற்கவில்லை. சென்னை மாநகராட்சி புது உரிமம் தருவதை நிறுத்தியது பிட்புல், ராட்வைலர் இரண்டுக்குத்தான். ஆக ஜிம்மி தடை செய்யப்பட்ட நாய் இல்லை. இவ்வளவும் உங்கள் பக்கம். இப்போதைக்கு இதில் ஒன்றும் உங்களைக் காப்பாற்றாது. எடுத்து ஓரமாக வையுங்கள்.

நீங்கள் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் வழக்கு: ஊசி தவணை தாண்டி நான்கு மாதம்.

புகார் எஃப்.ஐ.ஆர். ஆனால் முதலில் வரும் பிரிவு புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அலட்சியமாகவோ செய்யாமல் விடுவது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏழு கிலோ நாய், கெண்டைக்காலில் இரண்டு பல் தடம். கொடுங்காயம் என்ற வாதத்தை எந்த வக்கீலும் எதிர்த்து நிற்கலாம். ஊசி நடப்பில் இருந்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்ற வாதமும் அங்கேயே படுத்துவிடும். ஊசி இல்லாத நாயின் பல் தோலைக் கிழித்தால் கதை மாறுகிறது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய பிழைக்க வழியில்லாத நோய். ரத்தம் வந்த கடி என்றால் மருத்துவக் கணக்கில் மூன்றாம் வகை, அதாவது கடுமையான வகை. தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். அந்தச் சீட்டு சிறுவனின் பெற்றோர் கையில் இருக்கும். நாய் சின்னது என்ற வாதத்தை அது ஒரே அடியில் சாய்த்துவிடும்.

இன்னொன்றும் உங்களுக்கு எதிராக இருக்கிறது. எனக்கு அனுப்பிய படங்களில் நீங்களே ஒரு மாதம் முன்பு குழுவில் போட்ட செய்தி இருக்கிறது: ‘ஜிம்மிக்குப் பசங்க ஓடினா பிடிக்காது, கொஞ்சம் தள்ளியே இருக்கச் சொல்லுங்க.’ நல்லெண்ணத்தில்தான் எழுதினீர்கள். ஆனால் நாயின் குணம் உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. இப்போது போய் அதை அழிக்காதீர்கள். மற்றவர்கள் போனில் அது இருக்கும். அழித்தது தனியாக உங்களுக்கு எதிராகப் பேசும்.

இனி அந்த டாக்டர் விஷயம். இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

பழைய தேதி போட்ட சான்றோடு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோருமே நல்லவர்கள், நாயின் மீது உயிரை வைத்திருப்பவர்கள். உண்மையிலேயே வருடா வருடம் ஊசி போட்டவர்கள், ஒரு வருடம் விட்டுப்போயிற்று, அதை நிரப்பத்தானே கேட்கிறோம் என்பார்கள். ஊசிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தேதிக்குப் பக்கத்தில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதில் மருந்தின் பேட்ச் எண் அச்சாகியிருக்கும். அந்த பேட்ச் எப்போது தயாரானது, எப்போது காலாவதியாகும் என்பது நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. இன்று டாக்டரின் ஃபிரிட்ஜில் இருக்கும் குப்பியிலிருந்து உரித்து நான்கு மாதத்துக்கு முந்தைய தேதியில் ஒட்டினால், ஊசி போட்டதாகச் சொல்லும் நாளில் அந்த மருந்து தயாராகியே இருக்காது என்ற நிலை வரலாம். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் படிப்பார். ஸ்டிக்கர் இல்லாமல் வெறும் கையெழுத்தில் எழுதினால், மற்ற வருடங்களில் இருப்பது இந்த வருடம் மட்டும் ஏன் இல்லை என்பார். டாக்டரின் பதிவேடு, மருந்து வாங்கிய பில், நீங்கள் பணம் கட்டிய ஜிபே, எல்லாவற்றிலும் அந்தத் தேதி இருக்க வேண்டும். இருக்காது.

அந்த இடத்தில் உங்கள் வழக்கு நாய்க்கடி வழக்காக இருக்காது. அதே சன்ஹிதாவில் பொய்ச் சான்று கொடுத்தது 234, அதைப் பொய் என்று தெரிந்தே பயன்படுத்தியது 235. வழக்கில் காட்டுவதற்காகப் பொய்ச் சாட்சியம் உருவாக்கியது 229, அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. ஆறு மாதப் பிரிவிலிருந்து தப்பிக்க ஏழு ஆண்டுப் பிரிவுக்குள் போய் உட்காருவது என்ன கணக்கு? உதவி செய்ய வந்த அந்த டாக்டரின் தொழில் உரிமமும் போகலாம். அவருக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். அவர் பெயரில் சந்தேகம் வர ஒரு வரிகூட வேண்டாம்.

உண்மையான தேதியில் ஊசி போடுவது வேறு. அதை இன்றே செய்யுங்கள். ஜிம்மியைத் தாம்பரத்திலிருந்து கூட்டி வாருங்கள். அனுப்பியதுதான் பெரிய சங்கடத்தை உண்டாக்கிவிட்டது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் முறை. பத்து நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று அர்த்தம். அந்தப் பத்து நாளும் நாய் எங்கே, உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாமல் ஒரு தாய் தன் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டீஸில் உள்ள கோபத்தில் பாதி இதற்காக. இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பதினெட்டாவது நாளிலும் ஜிம்மி உயிரோடு நலமாக இருப்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய பலம். ஆனால் அதே ஜிம்மிதான் என்று நிரூபிக்க வேண்டும். வேறு நாயைக் காட்டுகிறீர்கள் என்று செயலாளரே முதல் ஆளாகச் சொல்வார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்துச் சான்று வாங்குங்கள். நிறம், எடை, அந்த மடிந்த இடது காது, மார்பில் உள்ள வெள்ளைத் திட்டு, எல்லாம் சான்றில் எழுதச் சொல்லுங்கள். மைக்ரோசிப் பொருத்தி அந்த எண்ணும் சான்றில் இருக்கட்டும். பிறகு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 50 ரூபாய். உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 அபராதம் என்று மாநகராட்சி அறிவித்திருப்பது உங்களுக்கும் தெரியும். அபராதம் கேட்டால் கட்டிவிடுங்கள், அதில் வாதாட ஒன்றுமில்லை. இனம் என்ற இடத்தில் டெரியர் கலப்பு என்றே எழுதுங்கள். பொமரேனியன் என்று எழுதிவிடலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தடை இல்லாத இனத்தை மறைத்து எழுதினால் மறைத்ததுதான் தப்பாக நிற்கும்.

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். 291 சொல்வது விலங்கு யார் பொறுப்பில் இருந்தது என்பதைத்தான். அந்த நேரம் கயிறு உங்கள் மகன் கையில். நீங்கள் அனுப்பிய மாடிப்படிப் படத்தில் தெரிவது இழுத்தால் நீளும் கயிறு. மாடிப்படியில் அது முழுக்க நீண்டு கிடக்கிறது. எஃப்.ஐ.ஆரில் முதல் பெயராக அவன் பெயர் வரத்தான் வாய்ப்பு அதிகம். காவல் பணித் தேர்வில் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கிறாயா என்று படிவத்திலேயே கேட்பார்கள். மறைத்தால் வேலையே போகலாம். இப்படி மறைத்தவர்கள் பற்றி 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது. மறைக்காமல் எழுதினால், பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டும். ‘சின்னக் கேஸ், ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்க’ என்று கோர்ட் வராந்தாவில் சொல்வார்கள். ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. பையன் பெயரில் வாழ்நாள் முழுக்க நிற்கும்.

எஃப்.ஐ.ஆர். விழுந்த பிறகு சமாதானம் ஆனாலும் 291-ஐ மாஜிஸ்திரேட் முன்பு ராஜியாக முடிக்க முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுவோடு நிற்க வேண்டும். அதற்கு ஆகும் செலவில் அந்தச் சிறுவனின் மருத்துவச் செலவைப் பல தடவை கொடுக்கலாம். இப்போது சி.எஸ்.ஆர். மட்டும்தான் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். வழக்கில் உங்களுக்கு ஜெயிக்கும் வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜெயிப்பதற்குள் உங்கள் மகனுக்குத் தேர்வு வயது தாண்டிவிடும்.

அந்த வீட்டுக்கு நீங்களும் உங்கள் கணவரும் போங்கள். மாமியாரையும் கூட்டிப் போகலாம், நாயை அல்ல. பையன் எப்படி இருக்கிறான் என்று முதலில் கேளுங்கள். 3 லட்சம் என்பது நோட்டீஸுக்காகப் போட்ட தொகை. ஊசி, டாக்டர், போக்குவரத்து, அம்மா வேலைக்குப் போகாத நாட்கள், இதற்குமேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க மனதளவில் தயாராகப் போங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

எழுதும்போது கவனம். ‘புகாரை வாபஸ் வாங்குவதற்காக இவ்வளவு ரூபாய்’ என்று எழுதிய ஒப்பந்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். குற்ற வழக்கை அமுக்குவதற்காகப் பணம் என்ற ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் 23-இன்படி செல்லாது. அதோடு பணம் கொடுத்தவருக்கு எதிரான ஆவணமும் ஆகிவிடும். மருத்துவச் செலவை ஈடு செய்ததாகவும், சிவில் கோரிக்கை முழுமையாகத் தீர்ந்ததாகவும் ஓர் ஆவணம். சிறுவன் மைனர் என்பதால் அவன் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அவர்கள் ஸ்டேஷனில் தரும் கடிதம் தனியாக இருக்கட்டும். உங்கள் ஆவணத்தில் ‘எங்கள் கவனக்குறைவால்’ என்ற சொல் வேண்டாம். ‘நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறோம்’ போதும்.

ஸ்டேஷனில் விசாரணைக்குக் கூப்பிட்டால் வக்கீலோடு போங்கள். அங்கே செயலாளரும் வந்து உட்கார்ந்திருப்பார். ‘பதினைந்து நாளில் நாயை அப்புறப்படுத்திவிடுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து அழுதவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் யாராலும் கேட்க முடியாததைத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். அப்புறம் சிலர் ஈ.சி.ஆர். பக்கம் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டும் வருவார்கள். பட்டினி கிடக்க விட்டுக் கைவிடுவது 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். வீட்டுச் சோற்றில் வளர்ந்த ஏழு கிலோ நாய் தெருவில் ஒரு வாரம் தாங்காது. நீங்கள் எழுதித் தர வேண்டியது மூன்றுதான்: நாலு அடிக்கு மேல் நீளாத கயிறு, வீட்டுக்கு வெளியே பெரியவர் ஒருவர் கையில் மட்டும் கயிறு, தவணை தவறாத ஊசி. டெரியர் இனங்கள் எலியையும் வளை விலங்குகளையும் துரத்திப் பிடிக்கவே வளர்த்தெடுக்கப்பட்டவை. ஓடுகிற காலைக் கண்டால் பாய்வது அவன் ரத்தத்தில் இருக்கிறது. மாடிப்படியில் பிள்ளைகள் ஓடும் நேரத்தில் அவனைக் கொண்டு போகாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

வக்கீல் நோட்டீஸுக்குக் கெடு முடிவதற்குள் உங்கள் வக்கீல் மூலம் சுருக்கமான பதில் போகட்டும்: குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை, மருத்துவச் செலவு குறித்துப் பேசத் தயார். ஊசி பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம், பொய்யாகவும் வேண்டாம். செயலாளர் மீதான அவதூறு வழக்கை, மூன்றாம் மாடியோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஸ்டேஷனில் புகார் முடிக்கப்பட்ட ரசீது உங்கள் கைக்கு வரும்வரை பேச்சளவில்கூட எடுக்காதீர்கள். லிஃப்ட் நோட்டீஸைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலை இணைத்து ஒரு பதிவுத் தபால் போதும், அடுத்த மாதம் அனுப்பிக்கொள்ளலாம்.